மனத்தைப் படிக்க வருகிறவர்கள்



ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? வேப்பிலையும் பூவும் குங்குமமும் எலுமிச்சம்பழ மாலையும் விற்கும் கடைகளுக்கு நடுவே மக்கள் வெள்ளம் நகர்ந்துகொண்டிருக்கும். இத்தகைய திருவிழாக் கூட்டங்களில் கூண்டுக் கிளியோடு அமர்ந்திருக்கும் சோதிடரையும் நீங்கள் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். கிளி வெளியே வரும். ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். ஒரு நெல்லைப் பெற்றுக்கொண்டு கூண்டுக்குள் திரும்பிவிடும். "நீங்கள் பிறருக்கு ஓடி ஓடி உதவுவீர்கள். உங்களுக்கு உதவத்தான் ஆள் இல்லை. வெளியே சிரித்தாலும் உள்ளே ஒரு கவலை இருக்கிறது" என்பார் சோதிடர். "என் மனசை அப்படியே சொல்லிவிட்டாரே!" என்று வியந்துபோவார் எதிரில் இருப்பவர்.

மனத்தை அறிய வேண்டும் என்ற ஆசை மனிதர்க்கு மிகப் பழையது. அந்த ஆசையை ஒரு பாடமாகக் கற்க விரும்புவோரும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, "நான் உளவியல் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? "அப்படியா? நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்க்கலாம்" என்பார் மாமா. "பைத்தியக்காரர்களோடு அல்லவா பழக வேண்டியிருக்கும்?" என்று கவலைப்படுவார் பாட்டி. இரண்டுமே அந்தப் படிப்பைப் பற்றிய தவறான எண்ணங்கள். அப்படியானால் உளவியலை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதில் எதைப் படிக்கிறார்கள்?

இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கட்டுரையைத் தொடர்ந்து படியுங்கள், காரணம் விளங்கும்.

39 மாணவர்களும் ஒரே சீட்டும்

உளவியல் படித்தால் பிறர் மனத்தைப் படித்துவிடலாம் என்பதுதான் பலரை அதன் பக்கம் இழுக்கும் முதல் காரணம். இந்த நம்பிக்கையையே உளவியலார் ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் அமெரிக்கரான பெர்ட்ரம் ஃபோரர். ஆண்டு 1948.

தம் வகுப்பிலிருந்த 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை அவர் நடத்தினார். சில நாள் கழித்து, "இதோ உன் குணநலன்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு தாளைத் தந்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26! அதன் பிறகே உண்மையை வெளியிட்டார். எல்லோருடைய தாளிலும் இருந்தவை ஒரே வாக்கியங்கள்தாம். அவற்றைக் கடையில் விற்கும் ஒரு சோதிட நூலிலிருந்து அவர் திரட்டியிருந்தார்.

"உங்களிடம் இன்னும் வெளிப்படாத திறமை இருக்கிறது", "சில வேளைகளில் சரியான முடிவைத்தான் எடுத்தோமா என்று ஐயப்படுகிறீர்கள்" போன்ற வாக்கியங்கள் யாருக்குத்தான் பொருந்தா? பொருந்துவதை நாம் பிடித்துக்கொள்கிறோம், பொருந்தாததை விட்டுவிடுகிறோம். கிளி எந்தச் சீட்டை எடுத்தாலும் அது நமக்கென்றே எழுதியதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஆக, மனத்தைப் படிக்கும் வித்தையைத் தேடி வருகிற மாணவர் முதலில் கற்பது அந்த வித்தை எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதையே. தம் மனத்தைப் பற்றித் தாமே தரும் சாட்சியத்தைக்கூட அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதே உளவியலின் முதல் பாடம். அப்படியானால் எதை நம்புவது? அளவையும் சோதனையையும்தான். இங்கேதான் இயற்பியல் உள்ளே வருகிறது.

வெபர் சகோதரர்கள்

காந்தப் பாயத்தின் அலகு வெபர் என்று படித்திருப்பீர்கள். அது ஜெர்மானிய இயற்பியலறிஞர் வில்ஹெல்ம் வெபரின் பெயரால் அமைந்தது. அவருடைய அண்ணன் எர்ன்ஸ்ட் வெபர், லைப்சிக் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்தார். தம்பி காந்தத்தை அளந்தார். அண்ணன் உணர்வை அளக்க முயன்றார்.

அவருடைய சோதனையை எலுமிச்சம்பழங்களைக் கொண்டே விளக்கலாம். ஒரு பையில் ஒரு பழம், மற்றொரு பையில் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் எது கனம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இப்போது ஒரு பையில் 100 பழங்கள், மற்றொன்றில் 101. வேறுபாடு அதே ஒரு பழந்தான். ஆயினும் உங்களால் சொல்ல முடியாது. நம் புலன்கள் எடையில் உள்ள வேறுபாட்டை உணர்வதில்லை. மொத்த எடையில் அந்த வேறுபாடு எத்தனையில் ஒரு பங்கு என்பதையே உணர்கின்றன. கையால் தூக்கிப் பார்க்கும்போது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு மாறினால்தான் வேறுபாடு தெரியும் என்று வெபர் கண்டார்.

இந்த விதியைக் கணிதச் சமன்பாடாக வளர்த்தவர் குஸ்தாவ் ஃபெக்னர். அவர் 1834 முதல் லைப்சிக்கில் இயற்பியல் பேராசிரியர். கண்ணில் தோன்றும் பின்பிம்பங்களை ஆராய்வதற்காகச் சூரியனை நோக்கிப் பார்த்துத் தம் கண்களைக் கெடுத்துக்கொண்டார். (இதை எந்நாளும் செய்து பார்க்காதீர்கள்!) சில ஆண்டுகள் இருட்டறையில் முடங்கிக் கிடந்து மீண்டார். வெளியுலகின் பொருளுக்கும் உள்ளத்தில் எழும் உணர்வுக்கும் அளவுத் தொடர்பு ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1850-ல் உதித்தது. 1860-ல் வெளிவந்த அவருடைய நூல் சோதனை உளவியலுக்கு அடிக்கல் எனலாம். அதே லைப்சிக்கில் 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

ஒரு ஸ்கேல் போதும்

மனத்தை அளப்பதாவது என்று நினைக்கிறீர்களா? நீங்களே அளந்து பாருங்கள். பள்ளி ஆய்வகத்திலுள்ள மீட்டர் ஸ்கேல் ஒன்றும் ஒரு நண்பரும் இருந்தால் போதும்.

நண்பர் ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே சுழிக் குறிக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் ஸ்கேலை விட வேண்டும். விழக் கண்டதும் நீங்கள் பிடிக்க வேண்டும். விரல் பட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடையின்றி விழும் பொருளின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். விழுந்த தொலைவை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் காலம் கிடைக்கும். தொலைவை மீட்டரில் எழுத மறவாதீர்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.17 வினாடி, 20 சென்டிமீட்டரில் 0.20 வினாடி, 30 சென்டிமீட்டரில் 0.25 வினாடி. பத்து முறை செய்து சராசரி காணுங்கள். இது உங்கள் எதிர்வினை நேரம்.

இப்போது ஒரு மாற்றம். ஸ்கேலை விடும் அதே கணத்தில் நண்பர் "ஒன்று" அல்லது "இரண்டு" என்று சொல்லட்டும். "இரண்டு" என்றால் பிடிக்க வேண்டும். "ஒன்று" என்றால் விட்டுவிட வேண்டும். இம்முறை ஸ்கேல் பெரும்பாலும் இன்னும் கீழே போன பிறகே உங்கள் விரலில் சிக்கும். கண்ணும் அதே கண். கையும் அதே கை. கூடியிருப்பது சொல்லைக் கேட்டு, அறிந்து, பிடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் வேலை மட்டுமே. இரண்டாவது சராசரியிலிருந்து முதல் சராசரியைக் கழித்தால், அந்த வேலைக்கு உங்கள் மனம் எடுத்துக்கொண்ட நேரம் ஓரளவு கிடைத்துவிடுகிறது. நெதர்லாந்து அறிஞர் டோன்டர்ஸ் 1868-ல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிவை மரக்கோலால் அளந்துவிட்டீர்கள் அல்லவா?

லைப்சிக்கிலிருந்து சென்னை வரை

இந்த ஆய்வுமுறை நம் நாட்டுக்கு வந்த வழி சுவையானது. வுண்டிடம் பயின்ற முன்ஸ்டர்பெர்க் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவரிடம் கற்றுத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையைத் தொடங்கி வைத்தார். வுண்டிடம் பயின்ற மற்றொருவரான ஸ்பியர்மன் லண்டனில் பேராசிரியரானார். அவருடைய மாணவரான எம்.வி. கோபாலசாமி 1924-ல் மைசூரில் உளவியல் துறையை நிறுவினார்.

இந்தக் கோபாலசாமியைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1935-ல் மைசூரில் தம் வீட்டிலேயே சிறிய வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டியவர் அவர்தான். பின்னாளில் அகில இந்திய வானொலி அப்பெயரை ஏற்றுக்கொண்டது. உளவியல் பேராசிரியருக்கு ஒலிபரப்புக் கருவியில் ஆர்வம் எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. உணர்வை அளக்கப் புறப்பட்ட அந்தத் தலைமுறையினர் கருவிகளோடு பழகியவர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் உளவியல் துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜி.டி. போவாஸ். இன்று சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட பல கல்லூரிகளில் இப்பாடத்தைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம்.

இல்லாத கையும் ஒரு கண்ணாடியும்

பிறர் மனத்தைப் படிக்கும் ஆசையால் மட்டும் உளவியலுக்கு வருவதில்லை. மனம் என்பதே பெரிய புதிராக இருக்கிறதே என்று வருவோரும் உண்டு. வி.எஸ். ராமச்சந்திரன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1951-ல் பிறந்த இவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். கையில் மருத்துவப் பட்டம் இருந்தது. ஆயினும் நாம் எப்படிப் பார்க்கிறோம், இரு கண்களின் இரு படங்கள் எப்படி ஒரே காட்சியாகின்றன என்ற கேள்விகள் அவரை விடவில்லை. கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உளவியல் பேராசிரியரானார்.

விபத்தில் கையை இழந்த சிலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றும். இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் குத்துவதுபோல் வலிக்கும். விரிக்க நினைத்தாலும் விரியா. எந்த மருந்தை எங்கே தடவுவது?

1990-களில் ராமச்சந்திரன் எளிய சாதனம் ஒன்றைச் செய்தார். ஒரு பெட்டி, அதன் நடுவே செங்குத்தாக ஒரு சமதள ஆடி. நோயாளி தம் நல்ல வலக் கையை ஆடிக்கு முன்னால் வைத்து, ஆடியைப் பார்க்க வேண்டும். சமதள ஆடியில் தோன்றும் பிம்பம் இடவல மாற்றம் அடையும் என்பதும், பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவு தொலைவில் பின்னால் தோன்றும் என்பதும் நீங்கள் ஒளியியலில் படித்தவையே. எனவே இழந்த இடக் கை இருக்க வேண்டிய இடத்தில் அது திரும்ப வந்துவிட்டதுபோல் தெரியும். வலக் கையை விரித்தால் அந்தக் கையும் விரியும். அதைக் கண்டதும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த இல்லாத கை விரிந்தது போன்ற உணர்வு ஏற்பட்டது, வலியும் தணிந்தது.

எல்லோருக்கும் இது பயன் தரவில்லை. பின்னர் நடந்த சோதனைகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எனினும் உடலைப் பற்றிய உணர்வை மூளை எப்படி அமைத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி வழி திறந்துவிட்டது.

துன்பம் காட்டும் வழி

இன்னும் சிலரை உளவியலுக்கு அழைத்து வருவது துன்பம். வீட்டில் அண்ணன் திடீரென்று யாருடனும் பேசாமல் ஒடுங்கிவிடுகிறான். அத்தைக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. குடும்பத்தார் கோவில் கோவிலாக, தர்கா தர்காவாக அழைத்துச் செல்கிறார்கள். "இது ஏன் வந்தது? எப்படித் தீர்ப்பது?" என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்கத் தொடங்குகிறது. அந்தக் கேள்வியே பின்னாளில் அதன் படிப்பாகிவிடுகிறது.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய உறவினர்களே. நோயின் இயல்பும் மருத்துவத்தின் வழியும் தெரியாத இடத்தில் அன்புகூடச் சங்கிலியாகிவிடும் என்பதை நாட்டுக்குக் காட்டிய நாள் அது.

இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டியவர் சென்னை மனநல மருத்துவர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றினார். மனநோயாளிக்கு மருந்து மட்டும் போதாது. வேலை, பழகத் துணை, குடும்பத்தாரின் புரிதல் ஆகியவையும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை அண்ணா நகர் மேற்கில் அது இயங்குகிறது. சாரதா மேனன் 2021-ல் மறைந்தார். அந்நிறுவனத்தில் மருத்துவர்களோடு உளவியலாரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து உழைக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தருவார். உளவியலார் என்பவர் உளவியலில் பட்டங்கள் பெற்றவர். சோதனைகள் நடத்துவார், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் உதவுவார். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. இத்துறைக்கு ஆட்கள் தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

நீங்கள் படிக்கலாமா?

"கணக்கு வராது, அதனால் உளவியல் எடுக்கிறேன்" என்று சொல்லும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டப்படிப்பில் அவர்கள் புள்ளியியலைச் சந்தித்தே தீர வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு இவையின்றி உளவியல் இல்லை. மூளை, நரம்பு பற்றிய உயிரியலும் உண்டு. இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. முதுகலையும், அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும், முறையான பதிவும் வேண்டும். சிகிச்சையில் நாட்டம் இல்லாதவர்க்குக் கல்வி, தொழிலகம், விளையாட்டு, சாலைப் பாதுகாப்பு என்று வேறு பல துறைகளும் திறந்திருக்கின்றன.

"என்னை நானே புரிந்துகொள்ளத்தான் படிக்கப் போகிறேன்" என்பவர்கள் மிகுதி. அது நல்ல தொடக்கம். ஆனால் படிப்பு வேறு, சிகிச்சை வேறு. எலும்பு முறிந்தவர் உடற்கூற்றியல் வகுப்புக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வதில்லை. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ மனம் தாங்க முடியாத பாரமாக இருந்தால், பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழைத்தால் அரசின் டெலி-மனஸ் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

உளவியலுக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் சொந்தக் கேள்வி ஒன்றைச் சுமந்து வருகிறார்கள். சிலருக்கு அது வியப்பு, சிலருக்கு வேதனை, சிலருக்கு வெறும் ஆவல். எது கொண்டு வந்தாலும் தவறில்லை. ஆனால் தங்கிப் படிக்க ஒரு தகுதி வேண்டும். "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்பதோடு நிறுத்தாமல், "இது தவறாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்கும் துணிவே அந்தத் தகுதி. இயற்பியல் மாணவருக்கும் வேண்டியது அதுவே. அணுவைப் பற்றி நமக்கு முன்கூட்டியே விருப்பு வெறுப்பு இருப்பதில்லை. நம்மைப் பற்றி நமக்கு நிறைய உண்டு. ஆகவே அந்தக் கேள்வியை உளவியலில் கேட்பது இன்னும் கடினம்.

இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். "பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் எனக்கு நன்றாகப் பதிகிறது" என்று நம்புகிறீர்களா? ஒரே அளவு கடினமான 20 புதிய ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பாட்டுடனும் பத்தைப் பாட்டின்றியும் ஒரே அளவு நேரம் படியுங்கள். எத்தனை நினைவில் நின்றன என்று மறுநாள் எண்ணுங்கள். நான்கைந்து நாள், ஒவ்வொரு நாளும் வேறு சொற்களுடன், வரிசையை மாற்றி மாற்றிச் செய்து குறிப்பேட்டில் எழுதுங்கள். விடை நீங்கள் நம்பியதற்கு மாறாக வந்தால் வருந்துவீர்களா, மகிழ்வீர்களா? மகிழ்வீர்கள் என்றால், உளவியல் உங்களுக்கு ஏற்ற பாடமே.